கீழக்கரை முன்னறைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்: 15,000 ரூபாய்க்குள் நடந்த தேடல்

கீழக்கரையில் கடலை ஒட்டிய தெருவொன்றில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பாட்டுக் கேட்க நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வேண்டும், அதற்கு 15,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது என்று சொல்லி, ராமநாதபுரத்தில் ஆடியோ பழுதுபார்க்கும் என்னிடம் வந்தார். நாகூர் ஹனிபாவின் பாடல்கள், ஐம்பது அறுபதுகளின் திரைப்பாடல்கள், காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் ஆகியவையே அவர் கேட்பவை. சானலுக்கு 40 வாட் தரக்கூடிய பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் ஒன்று நல்ல நிலையில் அவரிடம் இருந்தது. தேடல் எங்கே முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்: கடலிலிருந்து விலகிய பரமக்குடியில், ஏறத்தாழ முப்பது வயதான ஒரு ஜோடி சிறிய இருவழிப் பெட்டிகளை (தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, உயர்ந்த ஒலிக்கு ஒன்று என இரண்டு ஸ்பீக்கர்கள் கொண்டவை) 8,500 ரூபாய்க்கு வாங்கினோம். புதிதாக வந்த எத்தனையோ மாதிரிகள் இருக்க இந்தப் பழைய ஜோடியை ஏன் எடுத்தோம், உப்புக் காற்று இந்த முடிவில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதே இந்த ஆய்வின் பொருள்.

இருந்த அமைப்பும் அதன் குறையும்

ஆசிரியர் அதுவரை கேட்டுவந்தது 5.1 ஹோம் தியேட்டர் ஒன்றில். உள்ளங்கைக்குள் அடங்கும் ஐந்து சின்ன ஸ்பீக்கர்கள், மூலையில் தாழ்ந்த ஒலிகளுக்கென்று ஒரு சப்ஊஃபர். "ஹனிபா பாடுறாரு, ஆனா குரல் எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து வருது, தரை மட்டும் அதிருது" என்பது அவருடைய புகார். புகார் முற்றிலும் சரியானது, காரணமும் எளியது. மூன்று அங்குலமோ அதற்கும் குறைவோ உள்ள கோன் (ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு) ஒன்றால் ஏறத்தாழ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போதுமான காற்றை அசைக்க முடியாது. ஆகவே அதற்குக் கீழுள்ள எல்லாவற்றையும் சப்ஊஃபரிடம் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் பேசும் ஆண் குரலின் அடிப்படை அலைவெண்ணே ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரைதான். ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவரின் நடு ஸ்தாயிச் சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்பூராவின் மந்தரச் சட்ஜத் தந்தியோ 65 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். எனவே பாடகரின் குரலில் ஒரு பாதி எதிரே உள்ள சின்னப் பெட்டியிலிருந்தும், மறுபாதி அறையின் மூலையில் தரையிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. இப்படி இரண்டாக வெட்டப்பட்ட குரல் கிணற்றுக்குள் கேட்பதில் வியப்பில்லை.

அந்தச் செட்டின் முகப்பில் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட், அதாவது கண நேர உச்சத் திறன் என்று சொல்லப்படுவது, அச்சிடப்பட்டிருந்தது. அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஆகவே பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மின் நுகர்வு எண்ணைப் பார்க்கச் சொல்வேன். சுவரிலிருந்து 60 வாட் எடுக்கும் கருவி தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் ஒலியாகத் தர இயலாது; வெப்பமாகப் போவதைக் கழித்தால் இன்னும் குறைவு. தொடர்ந்து தரக்கூடிய திறனைக் குறிக்க ஆர்.எம்.எஸ். என்று தரப்படும் வாட் மட்டுமே ஒப்பிடத்தக்கது. அதுவும் எத்தனை ஓம் சுமையில் அளந்தது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான்.

வாட்டைவிட முக்கியமான எண் ஒன்றுண்டு. ஸ்பீக்கரின் உணர்திறன் அது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட், அதாவது ஒரு வாட், கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது குறிப்பது. 84 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கரின் அளவுக்குச் சத்தம் போட வேண்டுமானால் இரட்டிப்பு வாட் தேவை. ஆசிரியரின் அறையில் இருக்கை மூன்று மீட்டர் தள்ளியிருந்தது. 87 டெசிபெல் பெட்டிகள் இரண்டு, ஆளுக்கு ஒரு வாட்டில், திறந்த வெளியில்கூட அந்தத் தொலைவில் 80 டெசிபெல் அளவைத் தொடும். சுவர்களுக்குள் அதைவிடக் கூடும். சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவில்தான் இருக்கிறது. அவரிடம் உள்ள 40 வாட் தாராளம் என்பதால் ஆம்ப்ளிஃபையர் செலவு அப்போதே கணக்கிலிருந்து நீங்கியது.

அறையை அளந்தபோது தெரிந்தது

வாங்குவதைப் பற்றி எதுவும் பேசுவதற்கு முன் முன்னறையை டேப்பால் அளந்தோம். பதினான்கு அடி நீளம், பத்து அடி அகலம், கான்கிரீட் கூரை தரையிலிருந்து பத்து அடி உயரத்தில். தரையில் டைல்ஸ், சுவரில் வெறும் பூச்சு, ஒரு கோரைப்பாய், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். கைதட்டினால் சத்தம் அடங்குவதற்கு நேரம் பிடித்தது. இதைவிடக் கவனிக்க வேண்டியது, அகலமும் உயரமும் ஒரே அளவாக இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி முன்னும் பின்னும் மோதும்போது, ஒலியின் வேகத்தைத் தொலைவின் இரு மடங்கால் வகுத்தால் கிடைக்கும் அலைவெண் அந்த அறையில் தானாக எழும்பி நிற்கும். பத்து அடிக்கு அது ஏறத்தாழ 56 அல்லது 57 ஹெர்ட்ஸ். பக்கச் சுவர்களும் அதையே எழுப்ப, தரையும் கூரையும் அதையே எழுப்ப, அந்த ஒரே சுருதி அறையில் இரட்டிப்பாக வீங்கியது. மூலையில் உட்கார்ந்திருந்த சப்ஊஃபர் அந்த வீக்கத்துக்கு ஊட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு கணக்கு தேடலின் திசையைத் தீர்மானித்தது: இந்த அறைக்கு 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய பெட்டி வரமல்ல, தொல்லை. 60 ஹெர்ட்ஸ் அருகிலேயே நிதானமாகச் சரிந்துவிடும் சின்னப் பெட்டிதான் இங்கே நன்றாகப் பாடும்.

சின்னப் பெட்டி என்றால் தரக்குறைவு என்ற எண்ணம் நம்மூரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் மைக்செட்காரர் அடுக்கும் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இயல்பே. ஆனால் பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனம் எழுபதுகளில் வெளிப்புற ஒலிப்பதிவு வண்டிகளுக்குள் குரலைச் சரிபார்ப்பதற்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ ஓர் அடி உயரம்தான் இருக்கும். மனிதக் குரலை அது தரும் விதத்துக்காக இன்றும் விலை குறையாமல் விற்கிறது. அதே அளவில் எளியவர்களின் பணத்துக்கேற்ப வார்ஃப்டேல் நிறுவனம் டைமண்ட் வரிசையை எண்பதுகளின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. பிறகு பிற நிறுவனங்களும் அதே அச்சில் தாழ்ந்த ஒலிக்கு ஐந்தேகால் அங்குல ஊஃபரும் உயர்ந்த ஒலிக்குக் குமிழ் வடிவ டோம் ட்வீட்டர் ஒன்றும் கொண்ட இருவழிப் பெட்டிகளைச் செய்து குவித்தன. நாங்கள் தேட வேண்டிய இனம் அதுவே.

கைவிட்ட வழிகள்

சென்னைக் கடைகளில் இந்த இனத்தின் பெயர்பெற்ற புதிய மாதிரிகள் பெரும்பாலும் 15,000 ரூபாயைத் தாண்டிவிடுகின்றன. தாண்டாதவற்றையும் ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு கேட்டுப் பார்த்து வாங்க வழியில்லை. அடுத்ததாக, ஆம்ப்ளிஃபையரைத் தனக்குள்ளேயே கொண்ட ஜோடிகள். எடிஃபையர் ஆர்1280டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: நான்கு அங்குல ஊஃபர், 13 மில்லிமீட்டர் ட்வீட்டர், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 42 வாட். ஆம்ப்ளிஃபையர் இல்லாத ஒருவருக்கு, அதிலும் மதுரையிலோ திருச்சியிலோ இருப்பவருக்கு, தயங்காமல் சொல்வேன். கடற்கரையில்தான் எனக்குத் தயக்கம். ஸ்பீக்கரும் மின்பலகையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்போது, உப்பு ஈரம் பலகையை அரித்தால் நல்ல ஸ்பீக்கரும் சேர்ந்து ஊமையாகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையர் தனியாக இருந்தால் கெட்டதை மட்டும் கழற்றிக்கொண்டு போகலாம். ஏற்கெனவே நல்ல ஆம்ப்ளிஃபையர் வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது தேவையில்லாத துணிச்சல்.

சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் ஊஃபரும் ட்வீட்டரும் வாங்கிவந்து நம்மூர்த் தச்சரிடம் பெட்டி செய்துகொள்வது மூன்றாவது வழி. மரவேலைக்கு இந்தப் பகுதியில் குறைவில்லை. படகு கட்டிப் பழகிய கைகள் இருக்கின்றன. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை கடற்கரை ஈரத்தில் உப்பிவிடும் என்றும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டே நிற்கும் என்றும் தச்சரே சொல்லிவிடுவார். சிக்கல் மரத்தில் இல்லை. ஊஃபர் ஒவ்வொன்றுக்கும் அதற்கு ஏற்ற பெட்டிக் கொள்ளளவு, பேஸ் ஒலிக்காகப் பெட்டியில் விடும் துளைக்கு அதற்கு ஏற்ற நீளம் உண்டு. ஆஸ்திரேலியாவின் தீல் 1961-இலும், பின்னர் ஸ்மால் எழுபதுகளிலும் எழுதிய கட்டுரைகளின் வழியாகத்தான் இந்தக் கணக்கு உலகுக்கு ஒழுங்காகக் கிடைத்தது. அந்தக் கணக்கைப் போடத் தேவையான எண்களை ரிச்சி தெருவின் பெயரில்லாத ஊஃபர்களுக்கு யாரும் தருவதில்லை. அளவு தெரியாமல் செய்த பெட்டி பார்க்க அழகாகவும், கேட்கப் பானையாகவும் அமையும். தாமே அளந்து திருத்திக்கொள்ளும் ஆர்வமுள்ளவர்களுக்கு இது மிகச் சிறந்த வழி. ஆசிரியர் பாட்டுக் கேட்க விரும்பினாரே அன்றித் தச்சுவேலை கற்க விரும்பவில்லை.

மைக்செட் தொழிலில் உள்ள நண்பர் ஒருவர் தம்முடைய பழைய பன்னிரண்டு அங்குலப் பெட்டிகளைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். அவை திடலுக்கு உரியவை. முன்னறையில் பத்தடித் தூரத்தில் உட்கார்ந்து நாகஸ்வரம் கேட்க அவற்றைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

ஆக எஞ்சியது பழைய பொருள் சந்தை.

சபராளி வீட்டுப் பெட்டிகள்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போய்த் திரும்பிய சபராளிகள் கொண்டுவந்த ஜப்பானிய மியூசிக் சிஸ்டங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றில் ஒரு ஜோடியை ஆசிரியரின் பழைய மாணவர் ஒருவர் விற்பதாக அறிந்து முதலில் அங்கே போனோம். இடுப்பளவு உயரம், பன்னிரண்டு அங்குல ஊஃபர், மூவழிப் பெட்டி, முகப்பில் வெள்ளி நிறச் சட்டம்.

"சார், இது வாப்பா துபாய்லேர்ந்து கொண்டாந்தது. முந்நூறு வாட்ஸ். போட்டா தெருவே அதிரும்."

"தெரு அதிரணும்னு நான் கேக்கலப்பா. வரி புரியணும்."

துணி முகப்பைக் கழற்றினோம். கோனின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் சரவுண்ட் வளையம் நுரைப்பஞ்சால் ஆனது. விரல் நுனியால் தொட்டதும் அது அப்பளம்போல் உதிர்ந்து கருந்தூளாக விரலில் ஒட்டிக்கொண்டது. இது யாருடைய கவனக்குறைவும் அல்ல. அந்த நுரை பாலியூரித்தேன்; காற்றின் ஈரமே அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஈரமும் வெப்பமும் நம் கடற்கரையில் ஆண்டு முழுவதும் இருப்பதால், ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த நுரை போய்விடும். சரவுண்ட் போன ஊஃபரில், கோனை அசைக்கும் கம்பிச்சுருளான காயில் நேராக நகராது. சற்றுச் சத்தமாக வைத்தால் காந்த இடுக்கில் உரசி எரிந்துவிடும். பின்பக்கம் ஒயர் மாட்டும் ஸ்பிரிங் கிளிப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. திருகாணிகளின் தலை துருவேறி ஸ்க்ரூடிரைவர் பிடிக்க இடமில்லாமல் இருந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது, மூன்று ஸ்பீக்கர்களுக்கும் உரிய ஒலியைப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் என்ற பெயரில் இரண்டே கண்டென்சர்கள் தொங்கின. ஊஃபருக்கு எந்தத் தடுப்பும் இல்லை. அது உயர் ஒலிகளையும் தன் விருப்பத்துக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கும். அந்நாளைய ரேக் சிஸ்டங்கள் பலவற்றில் காசு முழுவதும் முகப்பில்தான் செலவானது.

இதைச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். விளிம்பு வளையத்தை மட்டும் தனியாக வாங்கி ஒட்டும் வேலை நன்கு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் வளையம் கிடைத்தால் இன்னும் நல்லது. கோனையே மாற்றும் ரீகோன் வேலை வேறு. மைக்செட் ஸ்பீக்கருக்கு அது போதும், ஆனால் வீட்டுப் பெட்டியில் கோனின் எடையும் விறைப்பும் மாறிவிட்டால் அந்த ஸ்பீக்கர் வேறொன்றாகிவிடும். எப்படியிருந்தாலும் அறைக்குப் பொருந்தாத பெரிய பெட்டிக்காக அந்தச் செலவைச் செய்வதில் பொருளில்லை என்பதால், மாணவரிடம் ஆம்ப்ளிஃபையரை வைத்துக்கொண்டு பெட்டிகளைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருக்கும்படி மட்டும் சொல்லிவந்தோம்.

ராமநாதபுரத்திலேயே பார்த்த இன்னொரு ஜோடி, வாங்குபவர்கள் எதற்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் பயன்பட்டது. எங்கோ கோத்துச் செய்த பெட்டி. ஐந்து ஸ்பீக்கர்கள் தெரிந்தன. மெல்லிய தாளைச் சுருட்டிக் குழாயாக்கி ஒவ்வொன்றின் முன்னும் வைத்துக் காது கொடுத்ததில், மேலேயிருந்த இரண்டு ட்வீட்டர்களிலிருந்து எதுவும் வரவில்லை. கழற்றிப் பார்த்தால் ஒயரே இல்லை. அலங்காரத்துக்கு வைத்த பிளாஸ்டிக் மூடிகள். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

பரமக்குடி ஜோடி

இதற்குப் பிறகுதான் கடலிலிருந்து உள்ளே தேடுவது என்று முடிவெடுத்தோம். ஒரே வயதுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று வைகைக் கரையில் பரமக்குடியிலும் இன்னொன்று கடலோரத்திலும் இருந்திருந்தால், உலோகப் பாகங்களின் நிலையில் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரின் வீட்டில், ஐந்தேகால் அங்குல பாலிபுரோப்பிலீன் கோனும் ரப்பர் சரவுண்டும் துணி டோம் ட்வீட்டரும் கொண்ட ஆங்கிலேயத் தயாரிப்பு இருவழி ஜோடி கிடைத்தது. பின்பக்கச் சீட்டில் 8 ஓம், உணர்திறன் 87 டெசிபெல் என்று இருந்தது. கேட்ட விலை 11,000 ரூபாய்.

பார்க்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பழைய ஸ்பீக்கர் வாங்குவதில் பணம் தப்புவதும் தொலைவதும் இந்தக் கால் மணி நேரத்தில்தான். ரப்பர் வளையத்தை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்தோம், வெடிப்பில்லை, பிசுபிசுப்பில்லை. இரண்டு கட்டைவிரல்களையும் கோனின் மையத்துக்கு இருபுறமும் வைத்து ஒரே சீராக உள்ளே அழுத்திவிட்டு விட்டோம். உரசல் சத்தம் வந்தால் காயில் வளைந்திருக்கிறது என்று பொருள், வரவில்லை. மல்டிமீட்டரில் இரண்டு பெட்டிகளும் ஆறரை ஓம் அருகில் காட்டின. 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் காட்டுவதே இயல்பு; எட்டு காட்டவில்லை என்று பலர் பதறுகிறார்கள். ஆனால் இந்த அளவு ஊஃபரை மட்டுமே சொல்லும், ட்வீட்டரின் வழியில் கண்டென்சர் நிற்பதால் மீட்டருக்கு அது தெரியாது. பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பார்த்தோம்: சிவப்பு முனையில் பாசிட்டிவ் பட்டதும் இரண்டு கோன்களும் வெளிப்பக்கம் நகர்ந்தன. ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால் யாரோ கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள்.

அதன் பிறகே பாட்டு. ஒற்றைச் சானலில் பதிவான பழைய திரைப்பாடல் ஒன்றை முதலில் வைத்தோம். மோனோ பதிவில் இரண்டு பெட்டிகளும் ஒரே ஒலியைத் தருவதால், பாடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். இங்கே குரல் இடப்பக்கம் சாய்ந்தது. வலப் பெட்டியில் 'ச'வும் 'ட'வும் மழுங்கின. தாள் குழாயை வைத்துக் கேட்டதில் ட்வீட்டர் பேசியது, ஆனால் சன்னமாக. ட்வீட்டரே போயிருந்தால் கிடைப்பது கடினம். கண்டென்சர் காய்ந்திருந்தால் சில நூறு ரூபாய் வேலை. எது என்று அறிய, விற்பவரின் ஒப்புதலோடு இரண்டு பெட்டிகளின் ட்வீட்டர்களையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினோம். குறை வலப் பெட்டியிலேயே நின்றது; ஆக ட்வீட்டர் நலம், பின்னாலுள்ள கிராஸ்ஓவரே குற்றவாளி. வலப் பெட்டியின் பேஸ் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது, குழாயின் பாதியை அடைத்துக்கொண்டு குளவி கட்டிய மண்கூடு ஒன்றும் இருந்தது. ஐயா, இதோடு சேர்த்துத்தான் விலையா என்று ஆசிரியர் கேட்க, வீட்டுக்காரர் 8,500-க்கு இறங்கினார்.

ஒப்பிட்டுக் கேட்பதில் ஒரு விதியை மட்டும் நாங்கள் விடவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒன்று ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தாலே, காது அதைச் சத்தம் என்று உணராமல் தெளிவு என்று எடுத்துக்கொள்ளும். கடைகளில் விற்க நினைக்கும் ஜோடியைச் சற்று உயர்த்தி வைப்பது இதனால்தான். கைப்பேசியில் உள்ள டெசிபெல் மீட்டர் துல்லியமற்றது என்றாலும், இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர அது போதும்.

பட்டறையில்

கிராஸ்ஓவர் பலகையைக் கழற்றியதும் காரணம் கைக்கு வந்தது. ட்வீட்டர் வழியில் இருந்த எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சரில் 4.7 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது. மீட்டர் மூன்றுக்குச் சற்று மேலேதான் காட்டியது. இந்த வகைக் கண்டென்சர் உள்ளிருக்கும் திரவம் காயக் காய மதிப்பு இறங்கும், உள்தடை ஏறும். மதிப்பு இறங்கினால் ட்வீட்டர் பேசத் தொடங்கும் இடம் மேலே போய்விடும். ஊஃபர் நிறுத்தும் இடத்துக்கும் ட்வீட்டர் தொடங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் தங்கியிருக்கும் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் அந்தப் பள்ளம் விழுந்ததால்தான் வரி மழுங்கியது. இடப் பெட்டியின் கண்டென்சர் இன்னும் தாங்கிக்கொண்டிருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்; ஒன்று புதிது ஒன்று பழையது என்றால் ஜோடிப் பொருத்தம் குலையும். காயாத ஃபிலிம் வகையைப் போட்டேன். ஈரக் காற்றில் வாழப்போகும் பெட்டிக்கு இதைவிடப் பயனுள்ள செலவு வேறில்லை.

திருகாணிகளை எல்லாம் எடுத்துவிட்டு, படகு வேலைக்கு விற்கும் கடையில் 316 தரத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகள் வாங்கிப் போட்டோம். கடலோடிகளுக்கு உப்போடு மல்லுக்கட்டிய அனுபவம் ஆடியோக் கடைக்காரர்களுக்கு இல்லை. இந்த வகையில் மண்டபம், பாம்பன் பக்கத்துப் படகுச் சாமான் கடைகள் எனக்குப் பல தடவை கைகொடுத்திருக்கின்றன. ஒயர், வீட்டு மின்னிணைப்புக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர்தான். மூன்று மீட்டர் தூரத்துக்குப் போகவும் வரவும் அதன் தடை 0.08 ஓம், எட்டு ஓமுக்கு முன் அது ஒரு பொருட்டல்ல. ஸ்பீக்கர் ஒயர் என்ற பெயரில் மீட்டர் நூற்றுக்கணக்கில் விற்பதை வாங்கும் பணத்தில் ஆசிரியர் ஒரு சமுக்காளம் வாங்கினார். அது அறையில் செய்த மாற்றத்தை எந்த ஒயரும் செய்திருக்காது. ஒயர் முனைகளில் மெல்லிதாக வாஸ்லின் தடவி மாட்டினோம்.

முன்னறையில்

ஸ்பீக்கர் ஸ்டாண்ட் இரும்பில் செய்தால் இரண்டு மழைக்கு மேல் அழகு நிற்காது. ஹாலோ பிளாக் ஒன்றைப் படுக்கவைத்து அதன்மேல் இன்னொன்றை நிமிர்த்தினால் எட்டும் பதினாறுமாக இருபத்து நான்கு அங்குலம். கடையில் விற்கும் ஸ்டாண்டுகளின் பொது உயரமும் அதுவே. பிளாக்குக்கும் பெட்டிக்கும் நடுவே சைக்கிள் டியூப் துண்டுகள். நாற்காலியில் உட்கார்ந்தவரின் காதுமட்டத்துக்கு ட்வீட்டர் வந்தது. முதலில் சுவரை ஒட்டி வைத்துப் பார்த்ததில் தவில் தொப்பி வீங்கியது. சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்ததும் பாதி அடங்கியது. பேஸ் துளைக்குள் பழைய பருத்தித் துணியைத் தளர்வாகச் சுருட்டி வைத்ததும் மீதி அடங்கியது. துளையை இப்படி அடைப்பது பெட்டி தரும் தாழ்ந்த ஒலியைச் சற்றுக் குறைக்கும்தான், ஆனால் 56 ஹெர்ட்ஸில் வீங்கும் இந்த அறையில் அந்த இழப்பே லாபம். கேட்பவரின் நாற்காலியைப் பின்சுவரிலிருந்து விலக்கினோம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஏழடி, கேட்பவருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒன்பதடிக்கு மேல்.

தரையில் கோரைப்பாயை எடுத்துவிட்டுச் சமுக்காளத்தை மடித்து இரட்டையாக விரித்தோம். கோரைப்பாய் மெல்லியது; மிக உயர்ந்த ஒலிகளைத் தவிர மற்றவற்றை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். பின்சுவர் ஓரம் ஆசிரியரின் புத்தக அலமாரி இடம் மாறியது. புத்தகங்கள் ஒழுங்கற்ற ஆழத்தில் நிற்பது அழகுக்குக் குறைவாக இருக்கலாம், ஒலிக்கு அது நல்லது.

கேட்டதில் கிடைத்தது என்ன? ஹனிபாவின் குரல் பெட்டிகளை விட்டு வெளியே வந்து, நடுவே, நின்றவர் பாடுவதுபோன்ற உயரத்தில் அமைந்தது. ஒவ்வொரு சொல்லும் பிரிந்து கேட்டது. நாகஸ்வரத்தில் சீவாளியின் கரகரப்பும், ஒத்தின் தொடர் சுருதியும் தனித்தனியே தெரிந்தன. கிடைக்காதவற்றையும் சொல்ல வேண்டும். தவிலின் அடி மார்பில் இறங்குவதில்லை. 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பெட்டி எதையும் பெரிதாகத் தருவதில்லை. வீட்டில் விசேஷம் என்று வைத்துக் கூடம் நிறைய ஆட்களுக்குக் கேட்கச் செய்ய இது உதவாது. புதிய திரைப்பாடல்களின் அடி ஒலியை எதிர்பார்க்கும் பேரப்பிள்ளைகள் பழைய சப்ஊஃபரைத் திரும்ப இணைக்கச் சொன்னதாகவும் கேள்வி, ஆசிரியர் இசையவில்லை.

செலவு இது: பெட்டிகளுக்கு 8,500 ரூபாய், கண்டென்சருக்கும் திருகாணிகளுக்கும் 700, ஒயருக்கு 450, பிளாக்குகளுக்கு 350, சமுக்காளத்துக்கு 1,200. மொத்தம் 11,200 ரூபாய்.

வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். ரப்பர் வளையமும் கண்டென்சரும் திருகாணிகளும் அப்படியே இருந்தன. செம்பு ஒயரின் முனைகள் மட்டும் வாஸ்லினையும் மீறிக் கருத்திருந்தன; ஒரு அங்குலம் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவி மாட்டினேன். இதை மழைக்கு மழை செய்ய வேண்டியிருக்கும், அல்லது படகுகளில் போடும் வெள்ளீயம் பூசிய ஒயருக்கு மாறிவிடலாம். இப்போது அந்த வீட்டில் உப்புக்கு மிகவும் எளிதில் இடம்கொடுத்திருக்கும் பாகம் ஆம்ப்ளிஃபையரின் வால்யூம் கண்ட்ரோல். திருப்பும்போது வலச் சானலில் கரகரவென்று சத்தம் கேட்கத் தொடங்கியிருக்கிறது. மிச்சமிருக்கும் 3,800 ரூபாயில் அதை மாற்றுவது என்று பேசியிருக்கிறோம்.